யாரும் வாங்க வராத அஸ்தி: அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களை முறையாக அடக்கம் செய்ய ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒருவர் இறந்து, உடலை எரித்த பிறகு அஸ்தியை வாங்கிக்கொள்ள யாருமே வரவில்லை என்றால், அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். இறுதிச் சடங்கு நடத்தித் தரும் ஃபியூனரல் ஹோமின் பின்னறை அலமாரி, கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) மரணங்களை விசாரிக்கும் கரோனரின் அலுவலகக் கிடங்கு, பழைய அரசு மருத்துவமனையின் நிலவறை என்று எங்காவது ஒரு தட்டில், பெயர் ஒட்டிய பெட்டிக்குள் இருக்கும். பத்து வருடம் இருக்கும், ஐம்பது வருடம் இருக்கும், நூறைத் தொட்டவையும் உண்டு. ஃபியூனரல் ஹோமை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் பெட்டிகளும் சேர்ந்தே கைமாறும். அந்தத் தட்டில் இருப்பவர்களில் சிலர் ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குச் சட்டப்படி கல்லறை இடம் இலவசம், குழி தோண்டி மூடுவது இலவசம், பெயர் பொறித்த கல் இலவசம், கொடி இலவசம், காலத்துக்கும் பராமரிப்பு இலவசம். இவ்வளவும் இருந்தும் ஒருவர் அலமாரியில் கிடக்கிறார் என்றால், இவர் ராணுவத்தில் இருந்தவர் என்று யாரும் காகிதத்தில் எடுத்துக் காட்டவில்லை என்பதுதான் பல நேரங்களில் காரணம்.

இப்படிக் கிடப்பவர்களை அடக்கம் செய்யும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் மனதில் இருப்பது கொடி, பியூகிள் என்கிற ராணுவ ஊதுகொம்பு, சல்யூட். அதெல்லாம் கடைசி அரை மணி நேரம். அதற்கு முந்தைய மாதங்கள் முழுக்கப் பெயர், பிறந்த தேதி, சான்றிதழ், தொலைபேசி, காத்திருப்பு. அந்தப் பகுதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் அங்கேதான் நல்ல மனசோடு வந்தவர்கள்கூடச் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பலருக்குத் தெரியவந்தது ஒரிகன் மாநிலத்தில். அங்கே இருக்கும் சேலம் என்ற நகரத்து அரசு மனநல மருத்துவமனையில் 1914 முதல் 1973 வரை எரியூட்டப்பட்டவர்களின் அஸ்தி, ஏறக்குறைய 3,500 பேருடையது, செப்புக் குவளைகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்ததை 2004இல் சட்டமன்ற உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டுப் பட்டுச் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது, மூடியில் ஒரு எண் மட்டும். அதில் முன்னாள் வீரர்களும் இருந்தார்கள். அதற்குச் சில வருடங்கள் கழித்து, வியட்நாம் போர்க்கால வீரரான ஃபிரெட் சலான்டி என்பவர் வடக்கு கலிபோர்னியாவில் இருந்துகொண்டு ‘மிஸ்ஸிங் இன் அமெரிக்கா புராஜெக்ட்’ என்ற தொண்டமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக மியாப் என்பார்கள். நாடு முழுக்க ஃபியூனரல் ஹோம் ஃபியூனரல் ஹோமாக ஏறி இறங்கி, பெயர்களை எழுதி, சரிபார்த்து, ஆயிரக்கணக்கானவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள். இங்கே சொல்லும் முறை ஏறக்குறைய அவர்கள் பழக்கப்படுத்திய முறைதான்.

தனியாகக் கிளம்பாதீர்கள்

முதல் வேலை, ஒரு அமைப்போடு சேர்வது. உங்கள் மாநிலத்தில் மியாப்புக்கு ஒருங்கிணைப்பாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்னாள் வீரர் சங்கங்களான அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ இவற்றின் பக்கத்துக் கிளை, முன்னாள் வீரர்களுக்கு உதவும் கவுண்டி அதிகாரியான வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர், இவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து ‘உங்களிடம் இருக்கும் இறந்தவர்களின் பட்டியலைக் கொடுங்கள்’ என்றால் எந்த ஃபியூனரல் ஹோம் இயக்குநரும் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. அந்தப் பட்டியலில் சோஷியல் செக்யூரிட்டி எண் (ஒவ்வொருவருக்கும் அரசு தரும் தனி எண்), பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். அடையாளத் திருட்டுக்கு இதைவிட வசதியான காகிதம் கிடையாது. அமைப்பின் பெயரில், அமைப்பின் கடிதத்தோடு போங்கள்.

மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

அஸ்தி யாருக்குச் சொந்தம், எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் மாதக்கணக்கு, சில இடங்களில் வருடக்கணக்கு. நீங்கள் தேட வேண்டியது இரண்டு விஷயம்: உரிமை கோரப்படாத அஸ்தியின் விவரங்களை விஏ என்கிற முன்னாள் வீரர் நலத் துறைக்கோ வீரர் அமைப்புக்கோ கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறதா, அப்படிக் கொடுத்த ஃபியூனரல் ஹோம் மீது பிற்பாடு வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு இருக்கிறதா. பல மாநிலங்கள் இந்த இரண்டையும் சேர்த்தே சட்டமாக்கியிருக்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநரின் பயம் பெரும்பாலும் ஒன்றுதான், பத்து வருடம் கழித்து ஒரு மகள் வந்து ‘எங்கப்பா எங்கே’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது. நியாயமான பயம் அது. அதற்குப் பதில் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

ஃபியூனரல் ஹோமில்

முன்கூட்டியே போன் செய்து, உரிமம் உள்ள இயக்குநரோடு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். போனதும் குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். இத்தனை வருடம் ஏன் சும்மா வைத்திருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் அந்தக் கதவு உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் வருகிற எல்லோருக்கும் மூடிவிடும். யோசித்துப் பாருங்கள், குப்பையில் போடாமல், இடம் மாறும்போதெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு, தூசி தட்டி வைத்திருந்தது அவர்கள்தான்.

முதல் சந்திப்பில் பெட்டியைக் கேட்காதீர்கள். பட்டியலைக் கேளுங்கள். உங்கள் கையில் பெட்டி வர இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது.

பெட்டிகள் பார்க்க எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சமீபத்தியவை கருப்பு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே தடித்த பை, பையோடு கட்டிய உலோக வில்லை. அந்த வில்லை உடலோடு சேர்ந்தே எரிகலனுக்குள் போய் வந்தது, அதில் இருக்கும் எண்ணும் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் பழையவை தகர டப்பா அல்லது அட்டைப்பெட்டி. கையில் எடுத்தால் இரண்டு, மூன்று கிலோ கனக்கும், முதல்முறை தூக்குகிறவர்கள் இவ்வளவு கனமா என்று திகைப்பார்கள். மேலே ஒட்டிய தாளில் பெயர், இறந்த தேதி, எரித்த தேதி, எரிப்பு எண், எரித்த இடம். தட்டச்சு மங்கியிருக்கும், பசை காய்ந்து தாள் உதிரும். பெட்டியைத் திறக்காதீர்கள். அது உங்கள் வேலை இல்லை. அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

தாளில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். எழுத்துப்பிழை என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள், பக்கத்தில் தனிக் கட்டத்தில் உங்கள் ஊகத்தை எழுதிக்கொள்ளுங்கள். நடுப்பெயரின் முதலெழுத்து, ஜூனியர், சீனியர், எல்லாமே வேண்டும். அப்புறம் இயக்குநரிடம் பழைய கோப்பைப் பார்க்கச் சொல்லிப் பிறந்த தேதி, பிறந்த ஊர், சோஷியல் செக்யூரிட்டி எண், துணைவர் பெயர், உடலை ஒப்படைத்தவர் யார் என்று கேளுங்கள். பிறந்த தேதி கிடைக்காத பெயர் பாதி பெயர். ஒரே பெயரில், ஒரே மாநிலத்தில், இரண்டாம் உலகப்போரில் இருந்தவர்கள் டஜன் கணக்கில் வருவார்கள்.

ஏன் யாரும் வாங்கவில்லை என்பதற்குக் கோப்பிலேயே சில நேரம் விடை இருக்கும். உறவே இல்லாதவர்கள் உண்டு, வீடில்லாமல் தெருவில் இறந்தவர்கள் உண்டு. ஆனால் பணம் கட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் வாங்கியிருப்பான் என்று தம்பியும் தம்பி வாங்கியிருப்பான் என்று அண்ணனும் நினைத்துக்கொண்டே செத்துப்போன குடும்பங்களும் உண்டு. ஆகவே குடும்பத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு தீர்ப்பை மனதில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இவர் ராணுவத்தில் இருந்தாரா?

வேலையின் மையம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

இறப்புச் சான்றிதழில் ‘அமெரிக்க ஆயுதப் படைகளில் எப்போதாவது இருந்தாரா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஆம் என்று இருந்தால் நல்ல தொடக்கம், அவ்வளவுதான். விண்ணப்பத்தில் யாரோ சொன்னதை எழுதுகிற கட்டம் அது, சாட்சியம் ஆகாது. அதேபோல இல்லை என்றோ தெரியாது என்றோ இருந்தால் கைவிடவும் கூடாது. தனியாக இறந்த ஒருவருக்காக அந்தக் கட்டத்தை நிரப்பியவர் அவரை உயிரோடு பார்த்திராத ஒரு குமாஸ்தாவாக இருக்கலாம். ஆகவே பட்டியலில் இருக்கும் எல்லாப் பெயரையும் சரிபார்ப்புக்கு அனுப்புங்கள், ‘ஆம்’ போட்டவர்களை மட்டும் பொறுக்காதீர்கள்.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இன்னொன்று. இணையத்தில் தேடினால் கட்டாய ராணுவப் பதிவு அட்டை, அதாவது டிராஃப்ட் கார்டு, உடனே கிடைத்துவிடும். அதைப் பார்த்து ‘ஆள் கிடைச்சாச்சு’ என்று துள்ளுவார்கள். அந்த அட்டை, அவர் பெயரைப் பதிவு செய்தார் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தக் காலத்தில் குறிப்பிட்ட வயது ஆண்கள் எல்லோரும் பதிவு செய்தார்கள், சேர்ந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதி. இருந்தாலும் அட்டையைத் தூக்கிப்போடாதீர்கள், சரியான பிறந்த தேதியும் அம்மாவின் பெயரும் அதில் கிடைக்கலாம்.

உண்மையான சான்று, பணிவிடுப்புச் சான்றிதழ், அதாவது ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தருகிற தாள். 1950க்குப் பிறகு விலகியவர்களுக்கு அது டிடி 214 என்ற படிவம். அதற்கு முன்னால் ஒவ்வொரு படைக்கும் வேறு வேறு தாள், தரைப்படைக்கு டபிள்யூடி ஏஜிஓ 53-55 என்று ஒன்று. இவற்றின் மூலக் கோப்புகள் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. கேட்பதற்கான படிவம் எஸ்எஃப் 180. பணியிலிருந்து விலகி 62 வருடம் தாண்டியவரின் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். அதற்குள் இருப்பவர் என்றால் நெருங்கிய உறவினருக்குத்தான் முழுக் கோப்பு, நமக்குக் குறைந்த தகவல்தான் தருவார்கள். சரி, உறவினரே இல்லாத ஒருவருக்கு என்ன செய்வது? இங்கேதான் விஏ கைகொடுக்கும். அதே செயின்ட் லூயிஸில் தேசியக் கல்லறைகளுக்கான பதிவு அலுவலகம் இருக்கிறது. கையில் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், தெரிந்தால் ராணுவ எண், இவற்றைக் கொடுத்தால் அவர்களே தங்கள் ஆவணங்களில் தேடித் தகுதி உண்டா என்று சொல்வார்கள். ஃபியூனரல் ஹோமும் கரோனர் அலுவலகமும் நேரடியாகவே கேட்கலாம், அவர்களை வைத்துக் கேட்கச் சொல்வது பல நேரம் சுலபம்.

எண்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. தரைப்படையும் வான்படையும் 1969 ஜூலை 1 முதல் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையே ராணுவ எண்ணாக வைத்துக்கொண்டன, கடற்படையும் மரைன் படையும் 1972இல். அதற்கு முந்தையவர்களுக்குத் தனி எண். பழைய கல்யாணப் படத்தின் பின்புறத்திலோ ஒரு கடித உறையிலோ புரியாத எட்டு இலக்க எண் கிடைத்தால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தீ விபத்து. 1973 ஜூலை 12 அன்று அந்த ஆவண மையத்தின் மேல்தளத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை வான்படையிலிருந்து விலகியவர்களில், அகரவரிசையில் ‘ஹப்பர்ட், ஜேம்ஸ் ஈ.’ என்ற பெயருக்குப் பிறகு வருகிறவர்களுடையதில் சுமார் 75 சதவீதம். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. இரண்டு உலகப்போர் வீரர்களும் கொரியப் போர் வீரர்களும் பெரும்பாலும் இந்தக் கால அளவுக்குள்தான் வருகிறார்கள், அலமாரியில் அதிகம் இருக்கிறவர்களும் அவர்களே. ஆகவே ‘கோப்பு தீயில் போய்விட்டது’ என்ற பதில் உங்களுக்கு நிச்சயம் வரும். வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கடைசிச் சம்பளச் சீட்டு, அன்றாட வருகைப் பதிவு, மருத்துவமனைப் பதிவு போன்ற வேறு ஆவணங்களிலிருந்து மையமே விவரத்தைத் திரட்டி, என்ஏ 13038 என்ற சேவைச் சான்று தரும். டிடி 214க்குப் பதில் அதை ஏற்றுக்கொள்வார்கள். கடற்படை, மரைன் கோப்புகள் இந்தத் தீயில் போகவில்லை.

தீயில் போனவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் கவுண்டி நீதிமன்றக் கட்டடம். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களிடம், விடுப்புச் சான்றைத் தொலைத்துவிடாமல் கவுண்டி பதிவாளரிடம் பதிந்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள், ஏராளமானவர்கள் அப்படிப் பதிந்தும் வைத்தார்கள். தடித்த பைண்டு புத்தகங்களில் அந்த நகல்கள் இன்னும் இருக்கின்றன. அவர் இறந்த கவுண்டியில் இல்லாவிட்டால் பிறந்த கவுண்டியில், அதாவது 1946இல் அவருடைய அம்மா வீடு இருந்த கவுண்டியில் தேடுங்கள். செயின்ட் லூயிஸில் சாம்பலான ஒரு தாள், கான்சாஸின் ஏதோ ஒரு சின்ன ஊரில் முழுசாக, கையெழுத்தோடு கிடைக்கும்போது வருகிற சந்தோஷத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

தாள் கிடைத்துவிட்டால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். விடுப்பின் தன்மை என்ன என்று பாருங்கள், ‘அவமதிப்புக்குரியது’ என்று இருந்தால் தகுதி இல்லை. நடுவில் சில வகைகள் இருக்கின்றன, அவற்றை விஏ பரிசீலித்து முடிவு சொல்லும், நீங்களாக முடிவு கட்டாதீர்கள். 1980 செப்டம்பர் 7க்குப் பிறகு சாதாரண வீரராகச் சேர்ந்தவர் பொதுவாக 24 மாதம் அல்லது அழைக்கப்பட்ட காலம் முழுவதும் பணியில் இருந்திருக்க வேண்டும், விலக்குகள் உண்டு. பயிற்சிக்காக மட்டும் அழைக்கப்பட்ட காலம் சாதாரணமாகக் கணக்கில் வராது. இரண்டாம் உலகப்போரில் சரக்குக் கப்பல்களில் கடல் கடந்த மெர்ச்சன்ட் மரீன்களுக்கு 1988இல்தான் அங்கீகாரம் வந்தது, அவர்களைத் தவறவிடாதீர்கள். மரண தண்டனைக்குரிய குற்றத்திலோ கடுமையான பாலியல் குற்றத்திலோ தண்டனை பெற்றவர்களைத் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யச் சட்டம் தடுக்கிறது. இதையும் முன்பே சரிபார்த்துவிடுவது நல்லது, கொடி மடித்த பிறகு தெரியவரக் கூடாது.

சொந்தக்காரர்களைத் தேடுங்கள், நிஜமாகவே

ராணுவத்தில் இருந்தவர் என்று உறுதியானதும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். இங்கே வேகத்தைக் குறையுங்கள். சட்டம் கேட்கிற குறைந்தபட்சம் ஒரு செய்தித்தாள் அறிவிப்பாகவோ பதிவுத் தபாலாகவோ இருக்கலாம். அதைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பழைய இரங்கல் செய்தியில் ‘இவரை விட்டுப் பிரிந்தவர்கள்’ என்று வரும் பெயர்கள், தங்கையின் கல்யாணத்துக்குப் பிந்தைய குடும்பப் பெயர், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவு, இதிலெல்லாம் பழக்கமுள்ள வம்சாவளி ஆர்வலர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், கேட்டால் ஆசையோடு செய்வார்கள்.

கிடைத்தால் போனில் மெதுவாகப் பேசுங்கள். ‘உங்கள் பெரியப்பா எங்களிடம் இருக்கிறார்’ என்று எடுத்த எடுப்பில் போட்டு உடைக்காதீர்கள். அவர்கள் அஸ்தியை வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்றால் அது அவர்கள் உரிமை. முகம் சுளிக்காமல் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பணத்துக்குப் பயந்து ஒதுங்கியவர்களும் இருப்பார்கள், தேசியக் கல்லறையில் எதற்கும் காசு இல்லை என்று சொன்னதும் அவர்களே முன்னால் வந்து நிற்பார்கள். எங்களுக்கு வேண்டாம், நீங்களே செய்யுங்கள் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மனைவி. பக்கத்துப் பெட்டியைப் பாருங்கள். தகுதியுள்ள வீரரின் மனைவிக்கும் கணவருக்கும் அதே கல்லறையில் இடம் உண்டு, அதே கல்லில் பெயர் உண்டு. பீட்டர் நாப் என்று ஒருவர், உள்நாட்டுப் போரில் 5ஆம் அயோவா காலாட்படையில் இருந்தவர், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அடைபட்டு மீண்டவர். 1924இல் இறந்தார். மனைவி ஜார்ஜியானா 1930இல். இரண்டு பேர் அஸ்தியும் போர்ட்லண்டில் ஒரு எரியூட்டு நிலையத்தில் தங்கிவிட்டது. வம்சாவளி தேடிய ஒரு உறவினர் கண்டுபிடித்து, 2012இல் வில்லமெட் தேசியக் கல்லறையில் இருவரையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். வீரரை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்பது வருடம் பக்கத்தில் இருந்தவளை அலமாரியிலேயே விட்டு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? திருமணச் சான்றோ, துணைவர் பெயர் இருக்கும் இறப்புச் சான்றிதழோ தேடி எடுங்கள்.

இடம் பதிவு செய்தல்

பதிவு அலுவலகத்தின் எண் 800-535-1117. கூப்பிடுவதற்கு முன் கையில் வைத்திருக்க வேண்டியவை: விடுப்புச் சான்று அல்லது தகுதி உறுதிக் கடிதம், இறப்புச் சான்றிதழ், எரிப்புச் சான்றிதழ், எந்தக் கல்லறை, மண்ணில் புதைப்பதா அல்லது கொலம்பேரியம் எனப்படும் சுவர் மாடத்தில் வைப்பதா. வழக்கமாக வார நாட்களில்தான் நடக்கும். நாட்டில் 150க்கு மேற்பட்ட தேசியக் கல்லறைகள் இருக்கின்றன. அது தூரம் என்றால் மாநில அரசு நடத்தும் வீரர் கல்லறைகளைப் பாருங்கள், சிலவற்றில் அந்த மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்.

கலசம் வாங்கப் பணம் எங்கே என்று கவலைப்பட வேண்டாம். உறவும் பணமும் இல்லாத வீரருக்குக் கலசமோ சவப்பெட்டியோ வாங்கினால் விஏ அந்தச் செலவை ஒரு வரம்புக்குள் திருப்பித் தர வழிசெய்யும் சட்டம் 2013 ஜனவரியில் கையெழுத்தானது. படிவம் 40-10088. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கொடிக்குப் படிவம் 27-2008, பல தபால் நிலையங்களிலேயே கிடைக்கும்.

கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று கேட்பார்கள். பெயர், படை, பதவி, போர், பிறந்த வருடம், இறந்த வருடம். ஒவ்வொரு எழுத்தையும் விடுப்புச் சான்றோடு ஒப்பிட்டு, உங்களோடு இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். மதச் சின்னங்களில் சிலுவை, தாவீதின் நட்சத்திரம், பிறை, ஓம் என்று எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. அவர் என்ன மதம் என்பதற்குக் கோப்பில் ஆதாரம் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். எல்லோருக்கும் சிலுவை போடுவது பழக்கத்தில் நடக்கிற தவறு, பதில் சொல்ல அவர் இல்லை.

கைமாற்றம்

பெட்டி ஒவ்வொரு கை மாறும்போதும் இரண்டு கையெழுத்து, கொடுத்தவர், வாங்கியவர். தேதி, நேரம், எரிப்பு எண். பழைய அஸ்திகளுக்கு அடக்க அனுமதிச் சீட்டு இருக்காது, கவுண்டியில் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். வாங்காமல் கல்லறை வாசல்வரை போய்த் திரும்புவதைவிட முந்தின வாரமே கேட்டுவிடுவது மேல்.

முடிந்தவரை கையிலேயே கொண்டுபோங்கள். விமானம் என்றால் மரமோ பிளாஸ்டிக்கோ ஆன கலசம் வேண்டும், எக்ஸ்ரே ஊடுருவாத உலோகக் கலசத்தை அனுமதிக்க மாட்டார்கள், அதிகாரிகள் திறந்து பார்க்கவும் மாட்டார்கள். தபாலில் அனுப்புவதென்றால் அமெரிக்க அரசுத் தபால் துறை மட்டும்தான் அஸ்தியை எடுத்துக்கொள்ளும், பிரயாரிட்டி மெயில் எக்ஸ்பிரஸ் சேவையில், அதற்கென்றே இருக்கும் பெட்டியில், லேபல் 139 ஒட்டி. தனியார் கூரியர்கள் வாங்க மாட்டார்கள்.

பெரிய பயணங்களுக்குப் பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் குழுவைக் கேளுங்கள். ஜூவெட் வில்லியம்ஸ் என்ற உள்நாட்டுப் போர் வீரர், 20ஆம் மெய்ன் படைப்பிரிவு, 1922இல் அந்த ஒரிகன் மருத்துவமனையில் இறந்தவர். 2016இல் அவருடைய அஸ்தியை மாநிலத்துக்கு மாநிலம் கைமாற்றிக் கைமாற்றி, மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கோடியில் இருக்கும் மெய்ன் வரை பைக்கிலேயே கொண்டு சேர்த்தார்கள்.

அன்றைய தினம்

2000ஆம் ஆண்டு முதல் தகுதியுள்ள ஒவ்வொரு வீரருக்கும் ராணுவ மரியாதை சட்டப்படி உரிமை. குறைந்தது இரண்டு சீருடையாளர்கள் வருவார்கள், ஒருவராவது அவருடைய படையைச் சேர்ந்தவராக இருப்பார். கொடியை விரித்து, மடித்து, ஒப்படைப்பார்கள், பியூகிளில் டேப்ஸ் என்ற இறுதி மரியாதை இசையை வாசிப்பார்கள். அது தானாக நடந்துவிடாது, ஃபியூனரல் ஹோம் வழியாகவோ கல்லறை அலுவலகம் வழியாகவோ முன்கூட்டிக் கேட்க வேண்டும்.

தேசியக் கல்லறையில் சடங்கு குழியருகே நடக்காது. அதற்கென ஒரு கொட்டகை இருக்கும், ஏறக்குறைய இருபது முப்பது நிமிடம் கிடைக்கும். கொடி ஐந்தடிக்கு ஒன்பதரை அடி. இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் மடித்து, பிறகு முக்கோணம் முக்கோணமாகப் பதின்மூன்று மடிப்பு மடிப்பார்கள். சிவப்பு வெளியே தெரியக் கூடாது, நீலமும் நட்சத்திரமும் மட்டும். கடைசி மடிப்பைச் செருகிய பிறகு விளிம்பை விரலால் நீவி நீவிச் சரிசெய்வார்கள். டேப்ஸ் 24 சுரம்தான். வாசிக்கத் தெரிந்தவர்கள் போதாததால் பல இடங்களில் பியூகிளுக்குள் பொருத்திய கருவி ஒலிக்கும். உங்கள் ஊரில் வாசிக்கத் தெரிந்த ஒரு பள்ளி மாணவரோ வயதானவரோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், நேரடி ஊதலுக்கு ஈடு இல்லை.

கொடியை யார் வாங்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஜனாதிபதியின் பெயராலும் நன்றியுள்ள நாட்டின் பெயராலும் என்று சொல்லி ஒரு இளம் சிப்பாய் மண்டியிட்டு நீட்டும்போது எதிரே வெறும் நாற்காலி இருக்கக் கூடாது. பலரை ஒரே நாளில் அடக்கம் செய்தால், சேர்த்து ஒரே வரியில் முடிக்காமல் ஒவ்வொருவரின் முழுப்பெயரையும் பதவியையும் படையையும் உரக்கப் படியுங்கள். உச்சரிப்பு தெரியாத பெயரை முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செய்தித்தாளுக்குச் சொல்லுங்கள், பள்ளிக்குச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக நூறு பேர் வந்து நிற்பது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிறது.

அலமாரியில் மிச்சம் இருப்பவர்களை, ராணுவத்தில் இல்லாதவர்களை, நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. அவர்களுக்காக விஏ வராது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஒவ்வொரு டிசம்பரிலும் யாரும் வாங்காத அஸ்திகளைப் பாயில் ஹைட்ஸ் பகுதிக் கல்லறையில் ஒரே குழியில், பல மதப் பிரார்த்தனையோடு அடக்கம் செய்கிறது. உங்கள் கவுண்டியில் அப்படி ஏதாவது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மேற்பார்வையாளர் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

அதற்குப் பிறகு

கல் நட்ட பிறகு ஒருமுறை நேரில் போய் எழுத்தைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் கல்லறை அலுவலகத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். தேசியக் கல்லறையில் இருப்பவர்களுக்கு விஏ நடத்தும் வெட்டரன்ஸ் லெகசி மெமோரியல் தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, நீங்கள் தேடித் திரட்டிய படம், ஊர், வேலை பார்த்த கப்பல் எதுவானாலும் அதில் சேருங்கள்.

ஃபியூனரல் ஹோமுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் கல்லறையின் பெயர், பிரிவு எண், கல்லறை எண், அடக்கம் செய்த தேதி எல்லாம் தெளிவாக இருக்கட்டும், அந்தக் கடிதத்தை அவருடைய பழைய கோப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். என்றோ ஒரு நாள் ஒரு பேத்தி போன் செய்து கேட்டால், எடுத்தவர் ஒரு நிமிடத்தில் இடத்தைச் சொல்லிவிட முடியும். கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஃபியூனரல் ஹோமுக்குப் போங்கள், சட்டப் பக்கத்தைவிட அது அங்கே அதிகம் பேசும்.